கோயமுத்தூர் சத்தி ரோட்டு ரீவைண்டிங் கடை: என்ற 15 வருச மிக்சிய மறுக்கா ஓட வெச்ச கடைக்கு ரிவ்யூ

போன வருசம் ஆடி நோம்பிக்கு மொத நாள் ராத்திரிங்க. கோபியில இருந்து மாமியார் ஊட்டு ஒறம்பரையெல்லாம் வந்து எறங்கியாச்சு, ஒப்புட்டுக்கு கடலைப்பருப்பு வேக வெச்சு தண்ணி வடிச்சாச்சு, மிக்சியில போட்டு சுத்துனா ம்ம்ம்முன்னு ஒரு மொணகல், சித்த நேரத்துல கருகுன வாசம், அப்புறம் அசையவே இல்லை. 2010-ல என்ற கல்யாணத்துக்கு எங்கம்மா சீரோட சேத்து வாங்கி குடுத்த மிக்சி அது. அன்னைக்கு பக்கத்தூட்டு அக்காகிட்ட மிக்சி வாங்கி நோம்பிய ஒப்பேத்தியாச்சு. ஒறம்பரை கெளம்புனதும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு தூக்கிட்டு போனேன், எந்த கம்பெனின்னு வேண்டாமுங்க, எந்த கம்பெனிக்கு போயிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும்னு இப்ப தோணுது.

கவுண்டர்ல இருந்த பையன் மிக்சிய தலைகீழா திருப்பி மாடல் நம்பரை படிச்சான், அவ்வளவுதான், ஒரு ஸ்குரூவ கூட கழட்டல. மோட்டார் போயிருக்கும் மேடம், இந்த மாடலுக்கு இப்ப ஸ்பேர் வர்றதில்லை, ஆடி ஆஃபர் போய்ட்டிருக்குது, பழசை குடுத்தீங்கன்னா ஐநூறு கழிச்சுக்கலாம், மீதிக்கு இ.எம்.ஐ. போட்டுக்கலாம்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சான். புதுசு 4,800 ரூவா. பர்ஸுல இருந்து கார்டை கூட எடுத்துட்டேன். ஆனா அம்மா குடுத்தத ஐநூறு ரூவாய்க்கு அந்த மேசை மேல விட்டுட்டு வர மனசு வரல, ஊட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு வரேன்னு வெளிய வந்துட்டேன். ஆட்டோ ஏறுனா ஆட்டோக்காரண்ணன் மடியில இருந்த மிக்சிய பாத்துட்டு, "கணபதி தாண்டி ஒரு ரீவைண்டிங் கடை இருக்குதுங்க, அவருகிட்ட ஒருக்கா காட்டுங்க, ஆகாதுன்னு அவரு சொன்னாருன்னா அப்புறமா புதுசு வாங்கிக்குவீங்களாமா"ன்னாரு. ரீவைண்டிங்னா எரிஞ்சு போன மோட்டாருக்கு மறுக்கா கம்பி சுத்தி காயில் கட்டறதுங்க. அப்படித்தான் இந்த கடைக்கு போய் சேந்தேன்.

கடைன்னா பத்துக்கு பத்து ரூமுதானுங்க. போர்டு மழையிலயும் வெயில்லயும் அழிஞ்சு போயி ரீவைண்டிங்ங்கற எழுத்து மட்டும்தான் மிச்சம் இருக்குது, அதனால கடை பேரே எனக்கு இன்னும் தெரியாது. வாசல்ல ரெண்டு டேபிள் டாப் கிரைண்டர், ஒரு டில்டிங் கிரைண்டர், தூக்குல தொங்கற மாதிரி வரிசையா ஃபேன் மோட்டாரு, உள்ள செவுரு முச்சூடும் பிஸ்கட் டப்பாவும் ஹார்லிக்ஸ் பாட்டலும், ஒவ்வொண்ணுலயும் கப்ளரு, கார்பன், புஷ், வாசர், சுவிட்சு, கெப்பாசிட்டருன்னு பிரிச்சு போட்டு வெச்சிருக்காரு. அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும். கூட ஒரு தம்பி, ஒடிசாக்காரரு, அவரு நம்ம ஊரு தமிழ் பேசறத கேட்டா இங்கயே பொறந்தவருன்னு நெனப்பீங்க.

"என்னம்மிணி ஆச்சு?"ன்னாரு. மோட்டார் போச்சாமுங்ண்ணா, ஸ்பேர் இல்லையாம்னேன். "ஆரு சொன்னா? தொறந்து பாத்தாங்களா?"ன்னு கேட்டுட்டே நாலு ஸ்குரூவ கழட்டிட்டாரு. கம்பி அறுந்திருக்குதான்னு பாக்கறதுக்கு நூறு வாட்ஸ் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு ஒண்ணு வெச்சிருக்காரு, அதுல வயரை வெச்சு பாத்தாரு, பல்பு எரிஞ்சுது, காயில் நல்லாருக்குதும்மிணின்னாரு. அப்புறம் ஜாரை எடுத்து அடியில பிளேடு சுத்தற எடத்தை கையில திருப்பி பாக்க சொன்னாரு, என்னால திருப்பவே முடியல. பிளேடு தண்டு சுத்தற ஜார் புஷ் இறுகி போயிருக்குது, அதை சுத்த முடியாம மோட்டார் திணறியிருக்குது, சூடேறி ஓவர்லோட் சுவிட்ச் விழுந்திருக்குது, அந்த இழுப்புல ஜாரையும் மோட்டாரையும் சேத்து புடிக்கற கப்ளரோட பல்லும் மழுங்கி போச்சு. மோட்டாருக்குள்ள கரண்டை கடத்தற கார்பனும் தேஞ்சு அரை வெரல் கூட இல்லை, அதையும் காட்டுனாரு. அதாவது மோட்டார் சாகல, மோட்டாரை சாக விடாம காப்பாத்தறதுக்குன்னே அடியில ஒரு சின்ன செவப்பு பட்டன் வெச்சிருக்காங்க, அது அதோட வேலைய செஞ்சிருக்குது. அந்த பட்டனை ஒரு தரம் அமுக்கி பாத்திருந்தா சர்வீஸ் சென்டர் பையனுக்கும் தெரிஞ்சிருக்கும். பையனை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், ரிப்பேர் பண்ணுனா அவனுக்கு என்ன கெடைக்கும், வித்தாத்தான டார்கெட்.

கார்பன் ரெண்டு, கப்ளர், ஜாருக்கு புது புஷ், பிளேடை சாணை புடிச்சது, கூலி எல்லாம் சேத்து 350 ரூவா. முக்கா மணி நேரம். ஒரு வருசமாச்சுங்க, இன்னைக்கு காலையில கூட அதுலதான் கொள்ளு அரைச்சு பருப்பு கடைஞ்சேன்.

அதுக்கப்புறம் இந்த ஒரு வருசத்துல அந்த கடைக்கு பல தரம் போயிருக்கேன், அதனால ஒரு அனுபவத்தை வெச்சு புகழறேன்னு நெனச்சுக்காதீங்க. அயர்ன் பாக்ஸுக்கு வயரு, மாமியார் ஊட்டு டில்டிங் கிரைண்டருக்கு பெல்ட்டு, எங்க டேபிள் டாப்புக்கு கெப்பாசிட்டரு, பக்கத்தூட்டு அக்காவோட மிக்சிக்கு மோட்டாருக்குள்ள சுத்தற ஆர்மேச்சரு. டில்டிங் கிரைண்டர் 90-கள்ல வாங்குனது, கோபியில இருந்து கார் டிக்கியில போட்டு கொண்டு வந்தோம். அண்ணன் அதை பாத்ததும் கல்லைத்தான் மொதல்ல தடவி பாத்தாரு. ஊத்துக்குளி கல்லும்மிணி, உன்ற பேத்தி காலத்துக்கும் வரும், கொத்தி மட்டும் குடுத்தா போதும்னாரு. கல்லு கொத்தற ஆளு அவரு கடையிலயே செவ்வாக்கெழமை வருவாரு, அதுக்கு தனியா 200 ரூவா.

நம்மூருல ஒருத்தரு மோட்டாரை தொறக்காமயே போச்சுன்னு சொல்றதுதான் எனக்கு தாங்கல. கோயமுத்தூருங்க இது. 1932-ல நீலகிரி பைக்காராவுல இருந்து கரண்டு வந்ததுக்கப்புறம்தான் இங்க மில்லும் பட்டறையும் பெருகுச்சு. 1937-ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேந்து இந்தியாவுல மொத மொதல்ல உள்நாட்டுலயே மோட்டார் செஞ்ச ஊரு. 1955-ல சபாபதிங்கறவரு மாவாட்ட வெட் கிரைண்டரை செஞ்சதும் இங்கதான், கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06-ல புவிசார் குறியீடே வாங்கியிருக்கோம். எங்க அப்பாரு காலத்துல கெணத்து மோட்டார் எரிஞ்சா மாட்டு வண்டியில போட்டு பட்டறைக்கு கொண்டு வந்து காயில் கட்டி திரும்ப கொண்டு போயி மாட்டுவாங்க, எரிஞ்ச மோட்டாரை தூக்கி வீசுனதா ஒரு கதை கூட எங்க ஊட்டுல கேட்டதில்லை. ஆர்.எஸ். புரத்துலயோ காந்திபுரத்துலயோ இப்ப ஆடி வந்தா, தீவாளி வந்தா, பொங்கல் வந்தா எந்த கடைய பாத்தாலும் பழச குடு புதுச எடுன்னு ஒரே பேனருங்க.

அந்த பழச எங்க கொண்டு போறாங்கன்னு நான் அது வரைக்கும் யோசிச்சதே இல்லை. அண்ணன்கிட்டதான் கேட்டேன். பாதி பழைய இரும்பு கடைக்குதாம்மிணி போகும்னாரு. அங்க ஒடைச்சு, வயரை குமிச்சு போட்டு தீ வெச்சு, மேல இருக்கற பிளாஸ்டிக் எரிஞ்சு போனதும் செம்பை மட்டும் எடுத்துக்குவாங்க. பி.வி.சி. வயர் எரியற புகையில டையாக்சின் மாதிரி வெசமெல்லாம் வரும், அது பக்கத்துல குடியிருக்கறவங்க நெஞ்சுக்குள்ளதான் போகும். வெள்ளலூர் குப்பை கெடங்கு 2024 ஏப்ரல்ல தீப்புடிச்சு நாள் கணக்கா பொகைஞ்சப்ப எங்க சித்தி அங்க போத்தனூர் பக்கம்தான் இருந்தாங்க, ஜன்னலை தொறக்க முடியல, எளைப்பு அதிகமாயி எங்க ஊட்டுக்கு கூட்டிட்டு வந்து ஒரு வாரம் வெச்சிருந்தோம். நாம குப்பைன்னு வெளிய வெச்சது ஒண்ணும் மாயமா மறையறதில்லைங்க, சித்தி ஊட்டு ஜன்னல் வழியா திரும்பி வருது.

ஒலகம் முச்சூடும் கணக்கு பாத்தா 2022-ல மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் எலக்ட்ரானிக் கழிவு வந்துச்சுன்னு ஐ.நா. 2024-ல வெளியிட்ட அறிக்கை சொல்லுது, அதுல 100-க்கு 22 பங்குதான் முறையா சேகரிச்சு ரீசைக்கிள் ஆனதுக்கு கணக்கே இருக்குது. எலக்ட்ரானிக் கழிவுன்னா செல்போனும் கம்ப்யூட்டரும்னுதான நாம நெனப்போம், ஆனா அந்த அறிக்கையில சின்ன சாதனம்னு ஒரு வகை வெச்சிருக்காங்க, அதுதான் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, நம்ம மிக்சி, அயர்ன் பாக்ஸ் மாதிரி சாமானெல்லாம் அந்த கூட்டத்துலதான் வரும்.

அப்புறம் செம்பு. அண்ணன் ஒரு நாளு ரெண்டு ஆர்மேச்சரை கையில குடுத்து காயிலை பிளேடால லேசா சொரண்டி பாக்க சொன்னாரு. ஒண்ணு உள்ளுக்குள்ள செவப்பா இருந்துச்சு, இன்னொண்ணு வெள்ளையா இருந்துச்சு. வெள்ளையா இருக்கறது அலுமினியம், வெல கம்மியா விக்கற மிக்சிகள்ல அதை சுத்திடறாங்க, அலுமினியம் கரண்டு கடத்தறது செம்புல 60 சதவீதம்தான், அதே கனத்துல கம்பி போட்டா அதிகமா சூடேறும், போச்சுன்னா ஈயம் வெச்சு ஒட்டறதும் கஷ்டம். வெளிய பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கும், டப்பாவுல 750 வாட்ஸ்னு பெருசா போட்டிருப்பாங்க. புது மிக்சி வாங்கற நெலைமை வந்தா நான் மொதல்ல கேக்கப்போற கேள்வி காயில் செம்பா அலுமினியமாங்கறதுதான், நீங்களும் கேளுங்க.

அந்த செம்பும் சும்மா வரலைங்க. இப்ப தோண்டற சுரங்கத்துல பெரும்பாலும் நூறு கிலோ தாதுப்பாறைய ஒடைச்சா ஒரு கிலோ செம்பு கூட தேறாது, மீதி அத்தனையும் அங்கயே மலையா குமிஞ்சு கெடக்கும். அதை உருக்கற ஆலை வேண்டாம்னு போராடுனப்பதான் 2018 மே 22-ல தூத்துக்குடியில துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேரு செத்தாங்க. அன்னைக்கு டிவியில பாத்து அழுதேன், ஆனா என்ற அடுப்படியில இருக்கற மிக்சிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு அப்ப எனக்கு உறைக்கல. வருசா வருசம் நாம மாத்திட்டே இருந்தா யாரோ ஒருத்தரு ஊருல தோண்டிட்டேயும் உருக்கிட்டேயும்தான் இருக்கோணும். ஏற்கனவே தோண்டி உருக்கி நம்ம ஊட்டுக்குள்ள வந்து ஒக்காந்திருக்கற செம்பை இன்னும் பத்து வருசம் சுத்த வெக்கறதுக்கு 350 ரூவாதான் ஆகுதுன்னா அதைவிட வேற என்ன வேணும்.

ஆனா எல்லாத்தையும் ரிப்பேரே பண்ணிக்கோணும்னு சொல்ல வரலைங்க, அதை எனக்கு சொல்லிக்குடுத்ததும் இந்த அண்ணன்தான். எங்க ஹால் சீலிங் ஃபேன் காயில் போயி கொண்டு போனப்ப அவரு கட்டித்தர மாட்டேன்னுட்டாரு. எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு கேட்டாரு, ஒரு பதினஞ்சு மணி நேரம் ஓடுமுங்கண்ணான்னேன், பழைய ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும், இப்ப பி.எல்.டி.சி.ன்னு ஒரு வகை மோட்டார் போட்டு வர்ற ஃபேன் 30 வாட்ஸ்தான் இழுக்கும், நீயே கணக்கு போட்டு பாருன்னாரு. போட்டு பாத்தேன், மாசத்துக்கு 20 யூனிட் மிச்சமாகும், ரெண்டு மாச பில்லுல 40 யூனிட். காயில் கட்டுனா அவருக்கு 600 ரூவா வருமானம், அதை வேண்டாம்னுட்டு பழைய ஃபேனோட செம்பை எடை போட்டு எனக்கே காசை குடுத்து அனுப்புனாரு. மிக்சிக்கு இந்த கணக்கு வராது, நாளைக்கு கால் மணி நேரம் ஓடுனா கால் யூனிட் கூட ஆகாது, அதனால மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரி கொஞ்ச நேரம் ஓடற சாமானத்தையெல்லாம் ஓடற வரைக்கும் ரிப்பேர் பண்ணி ஓட்டோணும், நாள் முச்சூடும் ஓடறதுக்கு கரண்டு கணக்கு பாக்கோணும். இந்த ஒரு விசயத்தை எந்த ஷோரூம்லயும் எனக்கு யாரும் இப்படி பிரிச்சு சொன்னதில்லை.

இன்னொரு தரம் கைய விரிச்சுட்டாரு, அதுதான் எனக்கு நெம்ப வருத்தமா போச்சு. என்ற பெரிய பையன் ஆன்லைன்ல 399 ரூவாய்க்கு ஒரு கையில புடிச்சு அடிக்கற குட்டி பிளெண்டர் வாங்குனான், மில்க் ஷேக் போடறதுக்கு. நாலு மாசம் ஓடுச்சு. அண்ணன் அதை கையில வாங்கி திருப்பி திருப்பி பாத்தாரு, ஒரு ஸ்குரூ கூட இல்லை, ரெண்டு பாதியையும் ஒட்டி வெச்சிருக்காங்க. இதை தொறக்கோணும்னா ஒடைக்கத்தான் வேணும், ஒடைச்சா மூட முடியாது, உள்ள என்ன போயிருக்கும், ஒரு வயரு விட்டிருக்கும், அஞ்சு ரூவா வேலைன்னாரு. பையன் பக்கத்துல நின்னு கேட்டுட்டுதான் இருந்தான். ஊட்டுக்கு வர்ற வழியில அவனே கேட்டான், ஏம்மா ஸ்குரூ போட்டிருந்தா கம்பெனிக்கு எவ்வளவு ஆயிருக்கும்னு. எனக்கு பதில் சொல்ல தெரியல, நாலு ஸ்குரூ நாலு ரூவா இருக்குமாடா கண்ணுன்னேன். இப்ப அவன் ஏதாச்சும் வாங்கறதுக்கு முன்னாடி ஃபோட்டோவ பெருசு பண்ணி ஸ்குரூ இருக்குதான்னு தேடறான்.

நம்ம நாட்டுல ரிப்பேர் பண்ற உரிமைன்னு 2022 ஜூலைல மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டு, டிசம்பர் 24-ல தேசிய நுகர்வோர் தினத்தன்னைக்கு ஒரு போர்ட்டலும் தொறந்தாங்க, விவசாய கருவி, செல்போன், ஊட்டு சாமான், வண்டின்னு நாலு வகைக்கு. எலக்ட்ரானிக் கழிவுக்கு 2022-ல போட்ட புது விதி 2023 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்குது, முன்னாடி 21 சாமான்தான் அந்த பட்டியல்ல இருந்துச்சு, இப்ப 106. கம்பெனிக்காரங்க வித்ததுல இத்தனை பங்கை ரீசைக்கிள் பண்ணியாகோணும்னு அவங்களுக்கு டார்கெட் வெச்சிருக்காங்க. நல்லதுதான். ஆனா ரீசைக்கிள்ங்கறது செத்ததுக்கப்புறம் பண்ற காரியமுங்க, சாகாம பாத்துக்கறதுதான மொதல்ல வரோணும். ஃபிரான்ஸ்ல 2021-ல வாஷிங் மெசின், டிவி, செல்போன் மேலயெல்லாம் இதை எவ்வளவு சுலபமா ரிப்பேர் பண்ணலாம்னு பத்துக்கு மார்க் ஒட்டி விக்கோணும்னு விதி கொண்டு வந்தாங்க, கழட்ட சுலபமா இருக்குதா, ஸ்பேர் கெடைக்குதா, ஸ்பேர் என்ன வெலைன்னு பாத்து மார்க் போட்டாங்க. நம்ம ஊருல மிக்சி டப்பா மேல அப்படி ஒரு மார்க் இருந்துச்சுன்னா எங்கம்மா மாதிரி ஆளுங்க அதை பாத்துத்தான் சீர் சாமானமே வாங்குவாங்க.

ஸ்பேர் இல்லைன்னு கம்பெனி சொல்ற மாடலுக்கெல்லாம் கடைக்கார அண்ணனுக்கு மட்டும் எப்படி கெடைக்குதுன்னு கேட்டேன். செத்த மிக்சியில இருந்து உசுரோட இருக்கறத எடுத்து வெச்சுக்குவாராம். 2011-ல இருந்து அரசாங்கம் வெலையில்லாம குடுத்த மிக்சி, கிரைண்டரு, ஃபேனு எல்லாம் ஊருக்குள்ள நெறைய, அதுல ரிப்பேரே ஆகாதுன்னு விட்டுட்டு போறத எல்லாம் பிரிச்சு டப்பா டப்பாவா வெச்சிருக்காரு. என்ற மிக்சி சுவிட்சு போன மாசம் போனப்ப மாட்டுனது அப்படி எடுத்ததுதான், நாப்பது ரூவா, கலரு மட்டும் சேரல, கருப்பு மிக்சியில வெள்ளை சுவிட்சு. எனக்கு அது ஒரு கொறையா தெரியல.

கொறையும் சொல்லோணுமுங்க, இல்லாட்டி நீங்க போயிட்டு வந்து என்னைய வையுவீங்க.

மொதல்ல நேரம். நாளைக்கு வாங்கம்மிணின்னா அது நாளன்னைக்குன்னு வெச்சுக்கோங்க, தீவாளி சமயத்துல ஒரு வாரம் கூட ஆகும், காயில் கட்டற வேலைன்னா பத்து நாளு. ஃபோன் பண்ணுனா எடுக்க மாட்டாரு, கையில எப்பவும் வார்னிஷ். அக்காவோட ஆர்மேச்சர் வேலைக்கு மூணு தரம் நடந்தோம், மூணாவது தரம் அக்காவுக்கு கோவமே வந்துருச்சு, அது நாயமான கோவம்தான். பில்லு குடுக்கறதில்லை, வாரண்டின்னு வாயில சொல்றதுதான், மூணு மாசத்துல மறுபடி போச்சுன்னா காசில்லாம பாத்து தருவாரு, சொன்ன சொல்லு மாறுனதில்லை, ஆனாலும் ஒரு துண்டு சீட்டுல தேதிய எழுதி குடுத்தாருன்னா புதுசா போறவங்களுக்கு நம்பிக்கையா இருக்கும். கப்ளரு, புஷ் எல்லாம் கம்பெனி ஒரிஜினல் கெடையாது, லோக்கல்ல வர்றதுதான், மாத்துனதுக்கப்புறம் என்ற மிக்சி சத்தம் முன்னைக்கு கொஞ்சம் எச்சாத்தான் இருக்குது.

பெரிய கொறை ஒண்ணு இருந்துச்சு, இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு அவருகிட்டயே கேட்டுட்டுத்தான் எழுதறேன். எரிஞ்சு போன காயிலை அது சுத்தியிருக்கற இரும்பு கோர்ல இருந்து பிரிக்கறதுக்கு கடைக்கு பொறகால தீயில போட்டு வார்னிஷை எரிச்சுட்டு இருந்தாரு. அந்த வாசம் எனக்கு வெள்ளலூர் பொகைய ஞாபகப்படுத்துச்சு. ஏனுங்ண்ணா, நீங்க ஒரு பக்கம் இத்தனை சாமானத்தை காப்பாத்தறீங்க, இந்த பொகைய நீங்களும் தம்பியும்தான தெனமும் குடிக்கறீங்கன்னேன். அன்னைக்கு ஒண்ணும் பேசல. ரெண்டு மாசம் கழிச்சு போனப்ப ஒரு பக்கம் காயில் முனைய உளி வெச்சு வெட்டிட்டு மறுபக்கத்துல இருந்து குறடால இழுத்துட்டு இருந்தாரு. நேரம் அதிகமாகுது, ஆனா முடிஞ்ச வரைக்கும் இப்படித்தான் பண்றேன், ரொம்ப இறுகுனதுக்குத்தான் தீ வெக்கறேன்னாரு. அவரு வயசுக்கு, முப்பது வருசமா பண்ணுன பழக்கத்தை ஒரு வாடிக்கையாளு சொன்னான்னு மாத்திக்கறது சாதாரணமில்லைங்க. அதுக்கே நான் தனியா ஒரு ஸ்டார் குடுப்பேன்.

பாதுகாப்பு விசயத்துல அவரு கறாரு. அயர்ன் பாக்ஸுக்கு ரெண்டு பின் பிளக் போட்டு குடுங்க போதும்னு ஒருத்தரு சண்டை புடிச்சுட்டு இருந்தாரு, எர்த் இல்லாம வெளிய விட மாட்டேன், வேணும்னா எடுத்துட்டு போயி வேற கடையில பாத்துக்கன்னு திருப்பி குடுத்துட்டாரு.

இந்த வருசத்துல மொத்தம் நான் அங்க செலவு பண்ணுனது கல்லு கொத்துன கூலியெல்லாம் சேத்து 1,900 ரூவா சில்லறை. மிக்சி, டேபிள் டாப், டில்டிங், அயர்ன் பாக்ஸ் நாலும் ஓடுது. அன்னைக்கு கார்டை தேச்சிருந்தா மிக்சி ஒண்ணுக்கே அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கும். காசு மிச்சமானதை சொல்றதுக்காக இதை எழுதல, ஆனா ரிப்பேர்னா வெட்டிச் செலவுன்னு எங்க அப்பார்ட்மெண்ட்டுல பேசறவங்க நெறைய பேரு இருக்காங்க, அவங்களுக்காக சொல்றேன்.

அண்ணனுக்கு ரெண்டு பசங்க, ஒருத்தரு ஐ.டி., ஒருத்தரு வெளிநாடு. ஒடிசா தம்பி மட்டும்தான் தொழில் கத்துக்கறாரு, இப்ப மிக்சி காயில் தனியாவே கட்டறாரு, ஃபேனுக்கு அண்ணன் பக்கத்துல ஒக்காரோணும். தம்பி ஊருக்கு போனா பதினஞ்சு நாளு கடை பாதிதான் ஓடும். இந்த கடைக்கு நாம சாமானம் கொண்டு போகலைன்னா தம்பியும் ஏதாச்சும் கம்பெனி வேலைக்கு போயிருவாரு, அப்புறம் நாலு ஸ்குரூவ கழட்டி பாக்கறதுக்கு இந்த பக்கம் ஆளே இருக்காது. ஒரு சர்வீஸ் சென்டர்ல ஆகாதுன்னு சொன்னதை நம்பறதுக்கு முன்னாடி ஒருக்கா இந்த மாதிரி கடையில காட்டிருங்க, உங்க ஏரியாவுலயும் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், ஆட்டோக்காரங்களையோ பழைய எலக்ட்ரிக் கடைக்காரங்களையோ கேட்டா சொல்லுவாங்க.

அஞ்சுக்கு நாலரை ஸ்டார். அரை ஸ்டார் அக்காவை மூணு தரம் நடக்க வெச்சதுக்கு.

போறவங்களுக்கு: காந்திபுரத்துல இருந்து சத்தி ரோட்டு பஸ் ஏறுனா கணபதி தாண்டுனதும் எறங்கி கிரைண்டர் ரிப்பேர் கடை எங்கன்னு கேளுங்க, டீக்கடையில காட்டுவாங்க. காலையில பத்துல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும், ஞாயித்துக்கெழமை லீவு. ஜிபே இருக்குது. மிக்சி கொண்டு போறப்ப ஜாரையும் எடுத்துட்டு போங்க, பாதி நேரம் கோளாறு ஜார்லதான் இருக்கும். கெளம்பறதுக்கு முன்னாடி மிக்சிய கவுத்து அடியில அந்த செவப்பு பட்டனை ஒரு தரம் அமுக்கி பாருங்க, ஓடுச்சுன்னா அண்ணன்கிட்ட போக வேண்டிய வேலையே இல்லை, ஜார் பிளேடை மட்டும் கையில திருப்பி பாத்து இறுக்கமா இருந்தா ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வெச்சிருங்க.